ஸ்க்ரீஸ் யோசித்துக்கொண்டிருந்தது

இந்தக் காலத்தில் எவனும் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. கடையில் காசு வாங்குகிற பெண் நம் முகத்தைப் பார்க்காமலே வணக்கம் சொல்கிறாள். பாதிரியார் கல்லறையில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வைத்தியரோ எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் திரையிடம் நலம் விசாரிக்கிறார். அரைப் பார்வை பார்த்துவிட்டு முழு முடிவு சொல்வதற்குத்தான் இப்போது படிப்பு. அதற்குப் பட்டம் வேறு கொடுக்கிறார்கள்.

நெதர்லாந்தின் லைடன் நகரத்துச் சீட்டாட்ட மன்றத்தில், கம்ப்யூட்டர் சதுரங்கப் போட்டிக்காக வந்து உட்கார்ந்திருந்த வீப்ரனுக்கு அன்றைக்கு இந்த எரிச்சல் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. கூடம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள். அவை ஒன்றோடு ஒன்று சதுரங்கம் ஆடின. தடித்தடியாக வளர்ந்த ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இயந்திரம் சொன்ன காயை மரப்பலகையில் நகர்த்தி, கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எதிராளி ஆடியதைத் தட்டச்சு செய்தார்கள். அதோடு அவர்கள் வேலை தீர்ந்தது. மிச்ச நேரத்துக்குக் காப்பி, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, பழைய பகை, புதிய வம்பு.

வீப்ரனும் அன்றைக்கு அவர்களில் ஒருவர். வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி வந்த லாரிக்காரர், இப்போது ஓய்வு. பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைத்திருந்தது கொஞ்ச காலம்தான். சதுரங்கத்தில் காய் எப்படிப் போகும் என்று தெரியும், ஏன் போகிறது என்று தெரியாது. இங்கே அது போதும். காய் நகர்த்துகிறவன் வெறும் கை. இயந்திரம் யோசிக்கும்போது எந்த விசையையும் தொடக்கூடாது, சீக்கிரம் ஆடு என்று அவசரப்படுத்தக்கூடாது. அதுதான் அந்தக் கூடத்தின் சட்டம்.

அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் ஓடிய நிரலின் பெயர் ஸ்க்ரீஸ். அவர்கள் ஊர்ப் புல்வெளியில் முட்டையிடும் நீளமூக்குப் பறவையின் பெயர். எழுதியவன் அவர் மகன் யெல்மர். வேலை முடிந்து வந்த மாலைகளிலும், பிறகு நோயில் படுத்த மாதங்களில் மடியில் தலையணையை வைத்து அதன்மேல் விசைப்பலகையை வைத்துக்கொண்டும் எழுதினான். வசந்தத்தில் செத்துப்போனான். போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவன் அவன்; கல்லூரிக் காலத்து நண்பன் ஃப்லோரிஸ் இலையுதிர் காலத்தில் வந்து, "மாமா, நாம கொண்டுபோய் ஆட வெக்கலாம்" என்றான். வீப்ரனும் மனைவி ஔக்யேவும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கடைசியில் ஔக்யேதான் சொன்னாள்: "கூட்டிட்டுப் போ. ஆனா அவன் எழுதினதுல ஒரு எழுத்தக்கூட யாரும் தொடக்கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினார். கம்ப்யூட்டரை யெல்மரின் போர்வையில் சுற்றி, காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்து அவரும் ஃப்லோரிஸும் கொண்டுவந்தார்கள்.

சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் கோர். ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார், தன் நிரலைத் தானே எழுதியவர், வாய் மூடாத மனிதர்.

"பெரியவரே, ஒங்க பறவை எப்பவும் இப்படித்தானா? என்னோடது பட்டுனு ஆடிருது. ஒங்களோடது மொட்டைல அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்கு."

"முட்டைல" என்று திருத்தினார் வீப்ரன்.

"என் தலையைப் பாத்து நானே சொல்லிக்கிட்டேன், விடுங்க" என்று கோர் தன் வழுக்கையைத் தடவினார். "தூங்கிடுச்சான்னு கேட்டேன்."

"யோசிக்குது."

திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரீஸ் தான் பார்க்கிற வழியை அதில் காட்டும். நான் இப்படி, நீ அப்படி, நான் இப்படி என்று ஒவ்வொரு படியாக ஆழம் போகப் போக வரியும் நீளும். ராஜாவுக்குச் செக் விழுகிற இடம் வந்தால் மட்டும் வரி சட்டென்று இன்னும் நீளும். யெல்மர் அப்படித்தான் வைத்திருந்தான். செக் வந்தால் கணக்கை ஒரு படி கூட்டு. மறுபடி செக் என்றால் மறுபடி கூட்டு. ஆபத்து என்று தெரிந்துவிட்டால் கடிகாரத்தைக்கூடப் பார்க்காதே, அந்த வழியை முடித்துவிட்டு வா. ஏன் அப்படி என்று வீப்ரன் ஒருமுறை கேட்டபோது, "அடி விழுற இடத்துல பாதியில திரும்பிரக் கூடாதுப்பா" என்றான். கையில் ஊசி குத்திய நீலத் தழும்புகள் இருந்தன.

அந்த வரி நீளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே சொல்லமாட்டார். சின்ன வயதிலேயே யெல்மர் சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். உருளைக்கிழங்கு ஆறிப்போகும். ஔக்யே அதட்டினால், "இரும்மா, யோசிச்சுட்டு இருக்கேன்" என்பான். அந்த முகம் இப்போது எங்கும் இல்லை. ஆனால் அந்த யோசனை இந்தப் பெட்டிக்குள் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அவன் பாதியில் நிறுத்திய கரண்டி இன்னும் அந்தரத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அதனால் அவருக்கு அவசரமே இல்லை.

கோரின் ராணி செக் வைத்தது. ஸ்க்ரீஸ் ராஜாவை நகர்த்தியது. மறுபடியும் செக். பிறகு ஸ்க்ரீஸ் நின்றுவிட்டது. திரையில் வரி நீண்டது, ஓரத்தை முட்டியது, அடுத்த வரிக்கு இறங்கியது, அங்கிருந்து அதற்கடுத்த வரிக்கு. செக்குக்குள் செக், அதற்குள் இன்னொரு செக். கடிகாரத்தின் முள் மேலே ஏறி, அங்கே தொங்கிய சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்க ஆரம்பித்தது.

ஃப்லோரிஸ் ஓடிவந்து பின்னால் நின்றான். "ஐயோ, வெடிச்சிருச்சு" என்றான் மெதுவாக. "கணக்கு வெடிச்சிருச்சு மாமா. இனி திரும்பி வராது."

"ஏதாவது செய்யேன்."

"தொடக்கூடாது. நீங்களும் தொட்டுறாதீங்க."

கொடி விழுந்தது, நேரம் முடிந்தது. சத்தம்கூட இல்லை. ஸ்க்ரீஸுக்கு அது தெரியவில்லை. அது பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது.

கோருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போட்டி நடத்துநரைக் கூப்பிட்டு, "பலகையில ஒங்க ஆளுதான் நல்லா இருந்தாரு. சமன்னு போட்டுக்கலாமே, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார்.

"கொடி விழுந்தா விழுந்ததுதான்" என்றார் வீப்ரன். "எழுதுங்க, தோத்துட்டோம்னு."

மதியம் கூடத்தின் மூலையில் ஃப்லோரிஸ் இரண்டு க்ரோகெட், பொரித்த இறைச்சி உருளை, வாங்கிவந்து ஒன்றை அவர் பக்கம் தள்ளினான். அவன் எதற்கு வருகிறான் என்று வீப்ரனுக்குத் தெரியும். காரிலேயே இரண்டு முறை ஆரம்பித்து விட்டுவிட்டான்.

"மாமா, கோவிச்சுக்காம கேளுங்க. ஒரு நிலையில நாப்பது நகர்வு இருக்குன்னு வைங்க. முதல்ல வர்ற நாலஞ்சுதான் உருப்படி. மத்ததெல்லாம் குப்பை. குப்பையையும் அதே ஆழத்துக்குத் தோண்டினா எப்ப முடியும்? அதனால குப்பைக்கு ரெண்டு படி குறைச்சுப் பாக்கணும். இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"குப்பைன்னு யாரு சொன்னா?"

"வரிசையில கடைசியில வருதே."

"வரிசைய யாரு போட்டா?"

"ப்ரோக்ராம்தான்."

"பாக்கறதுக்கு முன்னாடியேவா?"

ஃப்லோரிஸ் பெருமூச்சு விட்டான். "நீங்க பால் வண்டி ஓட்டினீங்கல்ல? மாடே இல்லாத பண்ணையில வண்டிய நிறுத்துவீங்களா?"

"மாடு இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டிப் பாப்பீங்க."

"பாப்பேன்."

"அதேதான் மாமா! நாமளும் எட்டிப் பாக்கறோம். ஒண்ணும் இல்லன்னா மேல போறோம். ஏதாவது இருக்கற மாதிரி தெரிஞ்சா, திரும்பி வந்து இறங்கி முழு ஆழத்துக்கும் பாக்கறோம். எதையும் தூக்கிப் போடல. மிச்சமாகிற நேரத்துல நல்ல வழிய இன்னும் ஆழமாப் பாக்கலாம்."

"நான் எட்டிப் பாக்கறப்ப மாடு கொட்டாய்க்குப் பின்னால நின்னுச்சுன்னா?"

ஃப்லோரிஸ் சிரித்துவிட்டான். "அப்படியும் ஆகலாம். ஆனா அது அபூர்வம்."

வீப்ரன் க்ரோகெட்டைக் கீழே வைத்தார். "யெல்மருக்கு வந்ததும் அபூர்வம்தான். இந்த வயசுல இது வராதுன்னாங்க. வர்ற மாதிரி நாலு வியாதிய எழுதி வெச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்பப் பாத்தாங்க. மிச்சத்த எட்டிப் பாத்தாங்க. எட்டி."

"அது வேற மாமா."

"என்ன வேற?"

ஃப்லோரிஸ் கடுகுச் சாந்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான். "அவன்கிட்டயும் இத நான் சொன்னேன்" என்றான். "சண்டையே போட்டோம். யோசிச்சுச் சொல்றேன்னான்."

"அப்போ சம்மதிக்கல."

"சம்மதிக்கவும் இல்ல, மாட்டேன்னும் சொல்லல. அதுக்குள்ள..."

"அதுக்குள்ள" என்றார் வீப்ரனும். எழுந்து போய்விட்டார்.

காப்பி எடுக்கப் போனபோதுதான் அது காதில் விழுந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் கோர், நாளைக்கு ஆடப்போகிற பெல்ஜியக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். கெட்ட மனதோடு பேசவில்லை. கெட்ட மனதோடு பேசியிருந்தால்கூடத் தேவலை.

"செத்துப்போன பையன் எழுதினதுய்யா. நாளைக்கு ஒனக்குத்தான் விழுந்திருக்கு. ரொம்ப வெரட்டி அடிக்காத. மத்த ஆட்டமெல்லாம் தோத்தாலும் நீயாவது ஒரு சமன் குடுத்து அனுப்பு. பாவம், பெரியவர் ரெண்டு நாள் பையனோட இருந்த மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

வீப்ரனின் காது சூடானது. அவர் மனதில் இருந்ததை அப்படியே எடுத்து, கண்ட ஆள் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று இன்னொரு கண்ட ஆளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். யெல்மருக்கு விட்டுக்கொடுத்து ஆடினால் பிடிக்காது. அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது வீப்ரன் வேண்டுமென்றே தோற்றார்; அவன் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். இப்போது கூடம் முழுக்க அவனுக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறது, தூக்கி எறிய அவன் இல்லை.

கோப்பையை நிரப்பாமலே திரும்பிவந்தார். ஃப்லோரிஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"குறை" என்றார்.

"என்ன மாமா?"

"நீ சொன்னியே, ரெண்டு படி. குறை. அந்த வெடிக்கிற எடத்துக்கும் ஏதாவது வேலி போடு. நாளைக்கு அது நேரத்துக்குள்ள ஆடணும். எவனும் பாவம்னு சொல்லக்கூடாது."

"நிஜமாவா? அத்தைகிட்ட..."

"அவகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசவில்லை. சாயங்காலம் தங்கியிருந்த விடுதியிலிருந்து ஔக்யேவுக்குப் போன் போட்டார். மழை பெய்கிறதா, கோழிக்குத் தீனி போட்டாயா என்று கேட்டார். "அவன் எப்படி ஆடினான்?" என்று அவள் கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள், அவன் என்று. "தோத்தோம். ஆனா நல்லா யோசிச்சான்" என்றார். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அது போதும்" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடம் நிறைவதற்கு முன்பே ஃப்லோரிஸ் வேலையை ஆரம்பித்துவிட்டான். வீப்ரன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெரிய அறுவைச் சிகிச்சை என்று நினைத்திருந்தார். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் போல, கொஞ்சம் வரிகள்தான். மகன் எழுதிய வரிகளின் நடுவே ஃப்லோரிஸின் வரிகள் போய் உட்கார்ந்தன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி எழுத்து.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இத அவனும் எழுதியிருக்கலாம்."

"எழுதியிருப்பான் மாமா" என்றான் ஃப்லோரிஸ். அவன் கண் சிவந்திருந்தது. "நான் பழசையும் தனியா எடுத்து வெச்சிருக்கேன். அது எங்கயும் போகாது."

பெல்ஜியக்காரரின் நிரல் அதற்கு முன்பு ஆடிய எல்லா ஆட்டத்தையும் வென்றிருந்தது. அவர் உட்கார்ந்ததும் வீப்ரனின் கையைப் பிடித்து, ரொம்ப நேரம் விடாமல், தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். கோர் அவரிடம் என்ன சொன்னார் என்பது அந்தச் சிரிப்பில் எழுதியிருந்தது.

"ஆடுங்க" என்றார் வீப்ரன்.

ஸ்க்ரீஸ் ஆடியது. பட்டென்று ஆடியது. வீப்ரன் காயை நகர்த்தி, கடிகாரத்தைத் தட்டி, காப்பியைத் தூக்குவதற்குள் எதிராளி ஆடிவிட்டால், இவர் தட்டச்சு செய்து கையை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. திரையின் வரி முன்பு மெல்ல ஊர்ந்தது. இப்போது படபடவென்று மாறியது. ஆழம் என்று போட்டிருந்த எண் நேற்று எட்டாத இடத்துக்கெல்லாம் சர்வசாதாரணமாகப் போனது. செக் வந்தது. வரி கொஞ்சம் நீண்டு, வேலியைத் தொட்டு, திரும்பி வந்துவிட்டது.

அவர் அந்தத் திரையில் மகனைத் தேடினார். முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிற அந்த ஆள் இல்லை. வேறு யாரோ ஒரு கெட்டிக்காரன் இருந்தான். சாப்பாட்டை முடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போய்ட்டு வர்றேன் என்று கிளம்புகிறவன்.

நடு ஆட்டத்தில் ஸ்க்ரீஸ் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரே கட்டம் தள்ளியது. பார்த்தால் ஒன்றுமில்லாத நகர்வு. பெல்ஜியக்காரரின் சிரிப்பு நின்றது. தன் திரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பின்னால் ஆள் சேர ஆரம்பித்தது.

"இத எப்படிய்யா கண்டுபிடிச்சுது?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"ஆழம்யா. என்னோடது இன்னும் மூணு படி மேலயே நின்னுக்கிட்டிருக்கு" என்றார் கோர். அவர் குரலில் பாவமெல்லாம் போய், சுத்தமான பொறாமை வந்திருந்தது. வீப்ரன் அதைக் கேட்டார். அதைக் கேட்கத்தானே நேற்று "குறை" என்று சொன்னார். நெஞ்சுக்குள் ஏதாவது நிறையும் என்று காத்திருந்தார்.

பெல்ஜியக்காரர் எழுந்து நின்று கை நீட்டினார். இந்த முறை சுருக்கமாக, அழுத்தமாக, தலையைச் சாய்க்காமல். கைதட்டல் எழுந்தது. ஃப்லோரிஸ் வீப்ரனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எலும்பும் தோலுமாக இருந்தது அந்த முதுகு. இத்தனை மாதமாக இவனும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"பாத்தீங்களா மாமா? யெல்மர் ஜெயிச்சுட்டான்."

"ஸ்க்ரீஸ் ஜெயிச்சுது" என்றார் வீப்ரன்.

கூட்டம் கலைந்தபிறகு ஃப்லோரிஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "நான் இத விடாம தொடர்ந்து எழுதட்டுமா? அடுத்த வருஷமும் கொண்டுவரலாம். அவன் பேர்லயே. முக்காவாசிக்கு மேல அவன் எழுதினதுதானே."

வீப்ரன் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"எழுது. நல்லா வருது ஒனக்கு. ஆனா அவன் பேர் மட்டும் வேணாம். ஒன் பேரையும் சேத்துப் போடு. நாளைக்கு ஏதாவது ஒண்ண எட்டிப் பாத்துட்டு விட்டுருச்சுன்னு வை, அவங்க வந்து ஒன்னக் கேக்கட்டும். அவனக் கேக்கக் கூடாது. அவன் எல்லாத்தையும் பாத்தான்."

"மாமா, எல்லாத்தையும் பாத்ததனாலதான் நேத்து தோத்தோம்."

"தெரியும்."

"அப்புறம் என்ன? இன்னிக்கு எத்தனை ஆழம் போச்சுன்னு நீங்களே பாத்தீங்க. இதுக்கு மேல நான் எப்படி நிரூபிக்கறது?"

"பாத்ததத்தான் திரை காட்டுது. பாக்காம விட்டதக் காட்டற திரை இருந்தா எடுத்துட்டு வா, ஒத்துக்கறேன்."

ஃப்லோரிஸ் பைக்குள் கையை விட்டான். பழைய நிரல் இருந்த வட்டை எடுத்து நீட்டினான். வீப்ரன் அதைக் கையில் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். வீட்டில் அதை ஓட்டுவதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஔக்யேவுக்கும் தெரியாது. இருந்தாலும் சட்டையின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பரிசு குடுக்கற வரைக்கும் இருங்க. நான் கார்ல கொண்டு விடறேன்."

"ரயில் இருக்கு. பெட்டிய நீயே வெச்சுக்கோ. போர்வைய மட்டும் குடு."

போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். வெளியே தூறல். பின்னால் ஒலிபெருக்கியில் ஸ்க்ரீஸின் பெயரைச் சொன்னார்கள், பிறகு யெல்மரின் பெயரை, கைதட்டினார்கள். கால்வாய் ஓரமாக ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தார். ஔக்யேவிடம் என்ன சொல்வது என்று யோசித்தார்; ஜெயித்ததைச் சொல்லலாம், எப்படி ஜெயித்தது என்று அவள் கேட்பாள். நல்ல பையன் ஃப்லோரிஸ், பொய் சொல்கிறவன் இல்லை. அவன் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கவேண்டும், ஜெயித்தும் காட்டிவிட்டான். இருக்கட்டும். கடைசியில் நிற்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் குறைத்துப் பார்க்கலாம் என்று எவன் வந்து சொன்னாலும் நம்ப அவர் தயாராக இல்லை. தூறல் வலுத்தது. போர்வையைக் கோட்டுக்குள் தள்ளிக்கொண்டு, தலையை ஆட்டியபடியே நடந்தார்.